சூரியன் வீட்டு மாப்பிள்ளை

பைனாகுலரின் ஒரு கண்ணை மாத்திரை டப்பா மூடியால் அடைத்துவிட்டு, இன்னொரு கண்ணைச் சூரியனுக்குக் காட்டியபடி, அத்தான் பால்கனியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். பைனாகுலரை ஒரு நொண்டி ஸ்டூலின் மேல் துணி கிளிப்புகளையும் அக்காவின் தலைமுடி ரப்பரையும் வைத்துக் கட்டியிருக்கிறார். அதன் வழியே வரும் வெளிச்சம் எதிரே சாய்த்து வைத்த வெள்ளை அட்டையில், சூரியனின் கரும்புள்ளிகளோடு, தட்டளவு வட்டமாக விழுகிறது. அவர் பார்ப்பது அந்த வட்டத்தைத்தான். நேராகப் பார்த்தால் கண் போய்விடும் என்பது விஞ்ஞானம். "பெரியவங்களை நேருக்கு நேர் முறைக்கக் கூடாது" என்பது அத்தான்.

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுக்கிறாள். "என்னங்க, உங்க மாமியார் எப்படி இருக்காங்க?"

"கன்னத்துல ரெண்டு பரு. நேத்து ஒண்ணுதான் இருந்துச்சு."

"கோவமா இருக்காங்களா?"

"இப்ப இல்ல. ஆனா மூஞ்சியைப் பாத்தா சாயங்காலத்துக்குள்ள ஏதோ பேசுவாங்க போலிருக்கு."

"பேசட்டும், பேசட்டும். காபி ஆறுது."

பல வருஷங்களாக அந்த வீட்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது. மேகம் மூடிய நாட்களில் மட்டும் அத்தான் சற்றுச் சிடுசிடுப்பாக இருப்பார். அலுவலகத்தில் இதைவிட நூறு மடங்கு தெளிவான படங்களைச் செயற்கைக்கோள்கள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பிறகு எதற்கு இந்த ஸ்டூலும் கிளிப்பும் என்று ஒருமுறை கேட்டேன். "ஆஸ்பத்திரியில ரிப்போர்ட் வந்தாலும் நெத்தியில கை வச்சுப் பாக்கறோமில்ல, சின்னவளே" என்றார்.

அத்தானுக்கு விண்வெளி வானிலை நிலையத்தில் வேலை. மழை, புயலெல்லாம் வேறு அலுவலகம். இவர்களுடைய கவலை சூரியன் எப்போது சீறும், சீறினால் யாருக்கு என்ன ஆகும் என்பது மட்டுமே. மாமியார் பட்டம் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் டெலிபோனிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் கல்லூரியில் படித்த வருஷங்களில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அந்தத் தெருவுக்கே முதல் டெலிபோன் அங்கேதான் வந்தது. கறுப்பாக, எடுத்து எறிந்தால் ஆளை வீழ்த்தும் கனத்தில், அலமாரிக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு முக்காலியோடு உட்கார்ந்திருக்கும். சூரியன் சீறினால் அலுவலகத்திலிருந்து கூப்பிட வேண்டும் என்பதற்காகவே கொடுத்த போன். ஆனால் எதிர்வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள், மாடி வீட்டுக்காரரின் வக்கீல், மூலைக் கடைக்காரரின் கொழுந்தன் என்று ஊரே அதில் பேசியது. அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கத்துவாள். "வக்கீல் லைன்ல இருக்காரு, சீக்கிரம் வாங்க. சூரியன் கூப்பிட்டா கட் பண்ணிடுவேன்!"

உண்மையிலேயே சூரியன் கூப்பிட்டால் அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். கை கழுவினாரா என்பதுகூடச் சந்தேகம். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள். "சாதாரணமா மாமியார் வீட்டுல இருந்து போன் வந்தாதான் ஆம்பளைங்க இப்படிப் பதறி ஓடுவாங்க." பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் அம்மாவுக்கு மட்டும் மனத்தாங்கல். "அது மாமியார்னா அப்ப நான் யாரு, மாப்பிள்ளை?" என்றாள்.

"நீங்க அத்தை. நீங்க கூப்பிட்டா வரேன். அவங்க கூப்பிட்டா ஓடறேன்."

ஓடுவார் என்றாலும் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. சினிமாவில் டைட்டில் முடிந்திருக்கும், கல்யாணத்தில் முதல் பந்தி எழுந்திருக்கும். கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார். "வெயிலே எட்டு நிமிஷம் லேட்டாத்தான் வருது. அங்கேருந்து இங்க வர அவ்வளவு நேரம் ஆகுது. அதை யாராவது கேக்கறீங்களா?" அவருடைய தாமதம் எட்டு நிமிஷத்தோடு நின்றதில்லை என்பது வேறு விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் இருந்தது அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பிளாஸ்மா ஆராய்ச்சிக் கூடத்தில். அக்காவையும் என்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இருட்டறை. ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். எங்கேயோ 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டது. காலடியில் தரை அதிர்ந்தது. குழாய் முழுக்க ஊதா வெளிச்சம் பூத்து, நெளிந்து, அணைந்தது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

"இதுதான் சூரியன். துளியூண்டு பிடிச்சு வச்சிருக்கோம்" என்றார் அத்தான், சொந்த வயலில் விளைந்ததைக் காட்டுகிற முகத்தோடு.

"ஒருவாட்டி போட்டா எவ்வளவு கரண்ட் ஆகும்?" என்று கேட்டாள் அக்கா.

பிளாஸ்மா என்றால் என்ன என்று அன்றைக்கு அவர் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. "கல்யாண வீட்டுல சின்னப் பிள்ளைங்க எப்படி இருக்கும்? யாரும் அப்பா அம்மா கையில நிக்காது. இங்கயும் அங்கயும் ஓடும். எது யார் பிள்ளைன்னே தெரியாது. வாயுவை ரொம்ப சூடு பண்ணினா அணுவெல்லாம் அப்படி ஆயிடும். சூரியன் பூரா அந்தக் கூட்டம்தான். சில சமயம் அதுல ஒரு கும்பல் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடி வந்துடும். அது நம்ம பக்கம் வருதான்னு பாக்கணும்." அப்படிப் பார்க்கிற வேலைக்குத்தான் பிற்பாடு மாடிக்கு மாற்றலாகிப் போனார்.

மாடி அறையை நினைத்தால் எனக்கு முதலில் மூக்கில் வருவது மை வாசனை. அப்போது கணினித் திரைகள் கிடையாது. உருளைகளில் சுற்றிய காகிதத்தின் மேல் மெல்லிய பேனாக்கள் தாமாகவே கோடு இழுத்துக்கொண்டிருக்கும். சூரியன் அமைதியாக இருந்தால் கோடு தூங்கும். சீறினால் பேனா எகிறிக் குதித்துக் காகிதத்தைக் கீறும். அத்தானுடைய சட்டைப் பையெல்லாம் ஊதா மைதான். அக்கா எலுமிச்சையை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப்போய், கடைசியில் ஊதாச் சட்டையாகவே வாங்கிவிட்டாள். இப்போது அந்த அறையில் வரிசையாகத் திரைகள், ஏசியின் முனகல், செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லும் அறிவிப்பு. அத்தான் மட்டும் இன்னும் ஊதாச் சட்டைதான் போடுகிறார்.

அறையின் நடுவே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கிறவர்தான் அந்த நேரத்துக்கு முடிவெடுக்க வேண்டும். எச்சரிக்கை அனுப்பினால், துருவத்தை ஒட்டிப் பறக்கும் விமானங்கள் உயரத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது வழியை மாற்றிக்கொள்ளும். சூரியனிலிருந்து பாய்ந்து வரும் துகள்கள் தரையில் இருக்கிற நம்மை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. "நமக்குக் காத்துதான் போர்வை. மேல போகப் போகப் போர்வை மெலிசு. துருவத்துப் பக்கம் பூமியோட காந்தமும் கையை விரிச்சிடும்" என்பார் அத்தான். ஆனால் விமானம் கீழே இறங்கினால் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், வழி நீளும். அதனால் சும்மா சும்மா அனுப்ப முடியாது. குளிர்ப் பிரதேசங்களில் ஆங்காங்கே வைத்திருக்கும் துகள் எண்ணும் நிலையங்களில் குறைந்தது மூன்றில் ஒரே சமயத்தில் எண்ணிக்கை ஏறினால்தான் அனுப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒன்று ஏறினால் இயந்திரக் கோளாறாக இருக்கலாம், இரண்டு தற்செயலாக இருக்கலாம், மூன்று ஏறினால் மாமியார்தான்.

இந்த வழக்கத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவர் பக்கத்து மேசைக்காரர். பேனாக் காலத்தில் சட்டைப் பையில் அடிக்கோலை வைத்துக்கொண்டு கோட்டை அளந்த பின்தான் வாயைத் திறப்பார் என்பதால் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். முகத்துக்கு நேராக 'ஸ்கேல் சார்'. கோபித்துக்கொள்ள மாட்டார். சிரிக்கவும் மாட்டார். அத்தானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மதியம் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். உப்பை நகர்த்தச் சொல்வதைத் தவிர வேறு பேச்சு அதிகம் இருக்காது.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒருமுறை, இரண்டு நிலையங்கள் ஏறியதுமே அத்தான் எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். மூன்றாவது ஏறவே இல்லை. ஏறிய இரண்டில் ஒன்றின் தலைமேல் இடி இறங்கியிருந்தது. இன்னொன்றில் யாரோ ஒயரிங் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் விமானங்கள் இறங்கிப் பறந்து, ஒன்று எரிபொருள் போதாமல் நடுவழியில் எங்கோ தரையிறங்கி, பயணிகள் பெஞ்சுகளில் படுத்துக் கிடந்தார்கள். அந்த விமானத்தில் அக்கா இருந்தாள், அது அத்தானுக்கும் தெரியும். கால் வீங்கி வீடு வந்து சேர்ந்தவள், செருப்பை உதறிவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "உங்க மாமியார் என்னை நடுரோட்டுல இறக்கிவிட்டுட்டாங்க."

விசாரணை மாதிரி ஒரு கூட்டம் நடந்தது. ஸ்கேல் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "உங்க வீட்டம்மா அதுல இல்லேன்னா, மூணாவதுக்குக் காத்திருந்திருப்பீங்களா?"

"தெரியலை" என்றார் அத்தான்.

காத்திருந்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவசரக்காரர் என்று விட்டிருப்பார்கள். காத்திருந்திருப்பேன் என்றால் பெண்டாட்டிதாசன் என்று சிரித்திருப்பார்கள். தெரியவில்லை என்று சொன்ன மனிதரை என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. அத்தானே அடுத்த நாள் ஒரு வழி சொன்னார். தன் வீட்டு ஆள் மேலே பறந்துகொண்டிருந்தால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட வேண்டும். அடுத்தவர் உட்கார வேண்டும். எழுந்தவர் அறையிலும் நிற்கக் கூடாது, முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டாலே முடிவு மாறிவிடும். யாரும் எதையும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து அங்கே அதுதான் நடைமுறை. "என் மச்சான் மேல இருக்கான்" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒருவருக்கு மட்டும் ஏதாவது ஒரு சித்தப்பா எப்போதும் வானத்திலேயே இருந்தார். டீக்கடைக்காரர்தான் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஆச்சரியப்பட்டாராம்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பிறந்த ஒரே பெண் விமானப் பணிப்பெண்ணாகப் போய்ச் சேர்ந்தாள். வாலு என்று கூப்பிடுவோம். யூனிபாரம் போட்ட பிறகும், கல்யாணம் ஆன பிறகும் வாலுதான். உத்தரவு வந்த அன்று அத்தான் இனிப்பு வாங்கி வரவில்லை. கதிர்வீச்சை அளக்கும் பட்டன் மாதிரி ஒரு சின்ன வில்லையை எடுத்து வந்து அவள் கைப்பையின் உள்ளே ஊக்கில் குத்திவிட்டார். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அதை வாங்கிப் போய் அலுவலகக் கருவியில் வைத்துப் பார்ப்பார். வாலு எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "மத்த அப்பாங்க சாப்டியாம்மான்னு கேப்பாங்க. எங்கப்பா எவ்வளவு வாங்கினேன்னு கேப்பாரு, சித்தி."

போன வருஷம் அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபோது, சமையலுக்கு நான் போய் இருந்தேன். ஒருநாள் காலை, கடல் தாண்டி ஏதோ ஒரு ஊரிலிருந்து வாலு பேசினாள். அக்கா படுக்கையிலிருந்தே, "நிஜமாவா? நிஜமாவாடி?" என்று கத்தியதில் நான் கரண்டியோடு ஓடினேன். இரண்டு மாதம். நம் நேரத்துக்கு மதியத்துக்கு மேல் கிளம்பி, நள்ளிரவுக்கு மேல் இங்கே இறங்கும் விமானத்தில் வேலை பார்த்தபடியே வருகிறாள். வந்து இறங்கியதும் கம்பெனியில் சொல்லிவிட்டு, பிள்ளை பிறக்கும்வரை பறக்கப்போவதில்லை.

அத்தானிடம் அக்கா சொன்னாள். அவர் "நல்லது" என்றார். பால்கனிக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் "நல்லது" என்றார். குளித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "விடு. தாத்தாவுக்கு ஒரு குளியல் பத்தாது."

சாப்பாட்டை மறந்துவிட்டு அலுவலகம் போய்விட்டார். மதியம் நான் டிபன் கேரியரோடு கிளம்பும்போது வாலு அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருந்தது தெரிந்தது. காலையில் பேசி வைத்த சற்று நேரத்திலேயே, இன்னொரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்று அவளுக்குப் பதிலாக முந்தின விமானத்திலேயே ஏறிவிட்டாளாம். அக்கா மாத்திரை மயக்கத்தில் தூங்கியதில் செய்தி இவ்வளவு நேரம் பார்க்கப்படாமல் கிடந்திருக்கிறது. "அவரு போனை எடுக்க மாட்டாரு. நீ போய்ச் சொல்லிடு. ராத்திரி ஏர்போர்ட் வாசல்ல போய் நிக்காம சாயங்காலமே போகட்டும்" என்றாள் அக்கா.

அறைக்குள் நுழைந்தபோது அத்தான் அந்த நாற்காலியில் இருந்தார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடுத்திரையில் இரண்டு கோடுகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. மூன்றாவது இடத்தில் கோடே இல்லை; அந்த நிலையத்திலிருந்து தகவல் வருவது தாமதம் என்று எழுத்து மின்னியது.

"இது நிஜம்தான் சார். ஏறுற சாய்வைப் பாருங்க. இடி இப்படி ஏறாது. நான் அனுப்பறேன்" என்றார் அத்தான்.

"மூணாவது வரட்டுமே" என்றார் ஸ்கேல் சார்.

"வரதுக்குள்ள மேல இருக்கறவங்க வாங்கிக்கிட்டே இருப்பாங்க."

அத்தானின் கை விசைப்பலகைக்குப் போனது. சாப்பாட்டு மேசையில் கேரியரை வைத்துவிட்டு, நல்ல சேதிதானே என்று நான் வாயைத் திறந்தேன். "அத்தான், வாலு முன்னாடி பிளைட்லயே ஏறிட்டாளாம். சாயங்காலமே வந்துடுவாளாம்."

கை அப்படியே நின்றது. திரையின் ஓரத்தில் துருவத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாக விமானங்கள் நகர்கிற வரைபடம் ஒன்று இருந்தது. அவர் கண் அதில் எதையோ தேடிப் பிடித்தது. பிறகு எழுந்தார். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது.

"நீங்க உக்காருங்க சார். பொண்ணு மேல இருக்கா."

ஸ்கேல் சார் உட்காரவில்லை. "இவங்க வந்து சொல்றதுக்கு முன்னாடியே நீங்க முடிவு பண்ணிட்டீங்களே. நானே காதால கேட்டேன். அனுப்பிட்டுப் போங்க."

அந்த மனிதர் விதியைத் தளர்த்தி யாரும் பார்த்ததில்லை. மற்ற மேசைக்காரர்கள் தலையைத் தூக்கினார்கள்.

"பண்ணிட்டேனா, பண்ணப் போறேனா, இப்ப எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியலை. உக்காருங்க."

"நான் உக்காந்தா மூணாவதுக்குக் காத்திருப்பேன். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அத்தான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நடைவழியில் ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர் கேன், கால் ஆடும் ஒரு பெஞ்சு. அவர் உட்காரவில்லை. அறையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.

"நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றேன்.

"சும்மா இருந்திருந்தா அனுப்பியிருப்பேன். அப்புறம் தெரிஞ்சிருந்தா, அவ இன்னிக்கு வரான்னுதான் அவசரப்பட்டேனோன்னு ஆயுசுக்கும் யோசிச்சுக்கிட்டு இருப்பேன். நீ சொன்னது நல்லதுதான்." தண்ணீர் கேனை நோக்கி நகர்ந்தபடி, "அவளுக்கு வாந்தி ஏதாவது இருக்காமா?" என்று கேட்டார்.

"இல்லையாம். புளிப்பா எதையாவது தின்னணும் போல இருக்காம்."

"அவங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு." டம்ளரில் தண்ணீர் பிடித்தார். குடிக்கவில்லை. "மூணாவது நிலையத்துல பனி கொட்டினா லைன் போயிடும். சில நாள் உடனே வரும். சில நாள் வராது."

"வரலேன்னா?"

"அவரு காத்திருப்பாரு. அதுக்குத்தானே அவரு."

கண்ணாடிக்கு அந்தப்புறம் ஸ்கேல் சாரின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அசையவில்லை. சாப்பாட்டு மேசையில் எங்கள் கேரியர் திறக்காமல் இருந்தது. ஒரு பெண் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

பிறகு அந்தப் பின்னந்தலை திரையை நோக்கிக் குனிந்தது. தோள்கள் அசைந்தன, தட்டுகிறார் என்று தெரிந்தது. தட்டி முடித்து, நாற்காலியோடு சுழன்று, கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். முகத்தில் எப்போதும் போல ஒன்றும் இல்லை. கையைத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டினார்.

நான் அத்தானின் முதுகைத் தொட்டு, "மூணு காட்டறாரு, அனுப்பிட்டாரு" என்றேன். அவர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்து, தலையை மட்டும் அசைத்தார். டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தார். ஜன்னலருகே போய் நின்றார். வெளியே உச்சி வெயில். வானத்தில் ஒன்றுமே இல்லை. அவர் வலது கையை முகத்துக்கு நேராக உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே பார்க்கப் பிடித்து, பறக்கிற எதையோ தட்டிக் கொடுத்து இறக்குவது போல் அதை மெல்ல மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக, தாழ்த்திக்கொண்டே இருந்தார்.